கர்ப்ப காலத்தில் குடல் பாக்டீரியா... கடையில் வாங்க வேண்டாம், தட்டில் வளர்த்தால் போதும்!

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து உங்கள் வயிற்றைப் பற்றிப் பேசாதவர்களே இருக்க மாட்டார்கள். `ரெண்டு உயிருக்குச் சேர்த்து சாப்பிடணும்' என்பார் மாமியார். `தயிர் சளி பிடிக்கும்' என்பார் அத்தை. `புரோபயாடிக் மாத்திரை எடுத்துக்கிட்டா சுகர் வராதாம்' என்று ஃபார்வேர்டு மெசேஜ் வரும். நடுவில் நீங்கள், வாந்தியும் மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலுமாக, `எதைத்தான் சாப்பிடுறது?' என்று விழித்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, வயிற்றில் வளரும் குழந்தையோடு அதே வயிற்றில் குடியிருக்கும் இன்னொரு கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவைதான் குடல் பாக்டீரியாக்கள். அவை கர்ப்ப காலத்தில் என்ன செய்கின்றன, அவற்றுக்காக நீங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பார்ப்போம்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. நம் உடலின் சொந்த செல்களின் எண்ணிக்கையே கிட்டத்தட்ட 30 லட்சம் கோடிதான். அத்தனை பாக்டீரியாக்களையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம்தான் வரும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை வசிப்பது பெருங்குடலில்.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் இவற்றுக்குச் சாப்பாடு. கீரை, பயறு, பழங்களில் இருக்கும் நாரைச் சிறுகுடல் அப்படியே கீழே தள்ளிவிடும். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து, சில கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு அந்த அமிலங்களே முக்கியமான எரிபொருள். அந்தச் சுவர் உறுதியாக இருந்தால், உள்ளே இருக்க வேண்டியது உள்ளேயே இருக்கும், ரத்தத்தில் கலக்காது. கூடவே வைட்டமின் கே போன்ற சில சத்துகளையும் இவை தயாரிக்கின்றன. நோய் எதிர்ப்பு சக்தியையும் பழக்கப்படுத்துகின்றன.

கர்ப்பத்தில் என்ன மாறுகிறது?

2012-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. பின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் மல மாதிரிகளை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு இடைப்பட்ட காலத்தில் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பே மாறியிருந்தது. கடைசி மாதங்களில் எடுத்த மாதிரியை, குடலில் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தியபோது, அந்த எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இன்சுலினுக்கு அவற்றின் உடல் கொஞ்சம் மந்தமாகப் பதில் சொன்னது.

சாதாரண நாளில் இதைக் கேட்டால் பயம் வரும். ஆனால், கர்ப்பிணிக்கு இது தேவையான மாற்றமாகவே இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. கடைசி மாதங்களில் தாயின் உடல் கொழுப்பைச் சேமிக்க வேண்டும். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக ரத்தத்தில் நின்று, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போக வேண்டும். அந்த வேலையில் பாக்டீரியாக்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பின்னர் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில் இவ்வளவு பெரிய மாற்றம் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு ஊர், உணவுக்கு உணவு, ஆளுக்கு ஆள் இது வேறுபடும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். கர்ப்பத்தில் குடல் மாறுவது நோயல்ல. `என் குடல் கெட்டுப்போச்சு, சுத்தம் பண்ணணும்' என்று டீடாக்ஸ் பொடி, குடல் கழுவும் கஷாயம் என இறங்கத் தேவையில்லை.

புரோபயாடிக் மாத்திரை எடுக்கலாமா?

நல்ல பாக்டீரியா நல்லது என்றால், அதையே காப்ஸ்யூலில் அடைத்து விழுங்கினால் இன்னும் நல்லதுதானே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவில் உடல் எடை அதிகமான சுமார் 400 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. பாதிப் பேருக்குப் புரோபயாடிக், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. புரோபயாடிக் எடுத்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் குறையவில்லை. 2021-ல் காக்ரேன் அமைப்பு, இதுபோன்ற 7 ஆய்வுகளை, சுமார் 1,650 பெண்களின் விவரங்களோடு சேர்த்து அலசியது. சர்க்கரை நோயைத் தடுக்கிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு `ப்ரீ-எக்லாம்ப்சியா' எனும் ஆபத்தான ரத்த அழுத்தப் பிரச்னை ஏற்படும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே, `நேச்சுரல்தானே, சைடு எஃபெக்ட் இருக்காது' என்று மெடிக்கல் ஷாப்பிலோ ஆன்லைனிலோ நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். வேறு ஏதேனும் காரணத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம்; அவரிடமே கேட்டுத் தொடருங்கள். வீட்டுத் தயிரை இந்தக் கணக்கில் சேர்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே பேசுவது, குறிப்பிட்ட பாக்டீரியாவைப் பெரும் எண்ணிக்கையில் அடைத்துத் தரும் மாத்திரைகளைப் பற்றி.

கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். குமட்டுகிறது என்று இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, தட்டில் என்னதான் வைப்பது?

குடல் பாக்டீரியாவுக்கு விருந்து என்றால் நார்ச்சத்துதான். ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. வெள்ளைச் சோறு ஒரு கப் சாப்பிட்டால் ஒரு கிராம்கூடத் தேறாது. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் என்றால், ஏறக்குறைய 12 கிராம் கிடைத்துவிடும். `தெனமும் மூணு வேளை நல்லாத்தானே சாப்பிடுறேன்' என்பவருக்கும் ஏன் மலம் கழிப்பது கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

* சுண்டல், பயறு: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை... தினம் ஒன்று. முதல் நாள் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, நன்றாக வேகவைத்தால் வாயு குறையும்.

* காய், கீரை: மதியத் தட்டில் சோறு எவ்வளவோ, அதே அளவுக்குப் பொரியலும் கூட்டும். வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை எல்லாம் பட்ஜெட்டுக்குள் அடங்கும் பாக்டீரியா விருந்துதான். சின்ன வெங்காயம், பூண்டு இரண்டிலும் பாக்டீரியாவுக்குப் பிடித்த தனி வகை நார் உண்டு.

* பழங்கள்: கொய்யா, வாழை, மாதுளை. ஜூஸாக வடிகட்டாமல் அப்படியே சாப்பிடுங்கள். வடிகட்டியில் நின்றுபோவதுதான் பாக்டீரியாவின் பங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருப்பவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* தானியங்கள்: வாரத்தில் சில நாள்கள் கேழ்வரகு, கம்பு, சாமை, தினை. முழுக்க மாறத் தேவையில்லை. காலை இட்லிக்குப் பதில் ஒரு நாள் கேழ்வரகு தோசை என்றால்கூடப் போதும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். பாக்டீரியாவுக்கும் பழக்கம் வேண்டும். இந்த வாரம் ஒரு கிண்ணம் சுண்டல், அடுத்த வாரம் இன்னொரு காய் என்று மெல்ல ஏற்றுங்கள். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும்.

வாந்தி ஓயாத முதல் மூன்று மாதத்தில் இந்தப் பட்டியலைப் பார்த்தே குமட்டினால் கவலைப்படாதீர்கள். அப்போது எது உள்ளே நிற்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். நாலாவது மாதத்துக்கு மேல் பொறுமையாக ஆரம்பித்துக்கொள்ளலாம்.

இட்லி, தயிர், பழைய சோறு... எது உண்மை?

`இட்லி ஒரு சிறந்த புரோபயாடிக்' என்று படித்திருப்பீர்கள். மாவு பொங்கும்போது அதில் லட்சக்கணக்கில் நல்ல பாக்டீரியாக்கள் இருப்பது நிஜம். ஆனால், இட்லிப் பானையின் ஆவியில் அவை பிழைக்காது. அதனால் இட்லி வீண் என்று அர்த்தமில்லை. புளிக்கும்போது அவை செய்துவைத்த வேலை மாவிலேயே இருக்கிறது: உளுந்தும் அரிசியும் எளிதில் செரிக்கும் வடிவத்துக்கு வந்திருக்கும், இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் எனும் பொருளும் குறைந்திருக்கும்.

உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிரும் மோரும் இருக்கின்றன. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய வீட்டுத் தயிர் கர்ப்பிணிகளுக்கு நல்லது. கால்சியமும் புரதமும் கூடவே வரும். கொதிக்கும் சோற்றில் தயிரை ஊற்றினால் பாதி பாக்டீரியா அங்கேயே காலி. சோறு ஆறிய பிறகு பிசையுங்கள். தயிரால் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருவது.

பழைய சோறு? தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் சுத்தம் முக்கியம். காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நாற்றமோ வழவழப்போ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். `பழைய சோத்துல ராத்திரியோட ராத்திரியா இரும்புச்சத்து இருபது மடங்கு ஆயிடும்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. யோசித்துப் பாருங்கள்... இரும்பு ஒரு தாது. பாக்டீரியாவால் அதை உருவாக்க முடியாது. சோற்றில் இருக்கும் கொஞ்ச இரும்பு உடலில் சேர்வது வேண்டுமானால் எளிதாகலாம். அதை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இரும்பு மாத்திரையும் மலச்சிக்கலும்

கர்ப்பிணிகள் பலர் சத்தமில்லாமல் செய்யும் ஒரு காரியம், இரும்பு மாத்திரையைப் பீரோவுக்குள் போட்டுவைப்பது. கேட்டால், `வயிறு கல்லு மாதிரி ஆயிடுது... மோஷன் கறுப்பா போகுது, பயமா இருக்கு' என்பார்கள்.

கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன், கர்ப்பப்பையைத் தளர்வாக வைத்திருக்கும்போது குடலின் தசையையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. உணவு மெதுவாக நகர்கிறது, அதிலிருக்கும் நீர் அதிகம் உறிஞ்சப்படுகிறது, மலம் இறுகுகிறது. இரும்பு மாத்திரையில் உடல் ஏற்றுக்கொண்டதுபோக மிச்சம் பெருங்குடலுக்கு வருகிறது. கறுப்பு நிறத்துக்கு அதுதான் காரணம். தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் போனாலோ தலைச்சுற்றல் இருந்தாலோ மட்டும் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலும் தாங்க முடியாத நிலைக்கு இது கொண்டுபோய் விடும். அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாலாவது மாதத்திலிருந்து தினமும் ஒன்று வீதம் குறைந்தது 180 நாள்கள் எடுக்கச் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்தாமல் மலச்சிக்கலைச் சமாளிக்க...

* இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயுடன் எடுங்கள். டீ, காபி, பால் கூடவே கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

* வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுங்கள், அல்லது இரவு படுக்கும் முன் எடுங்கள். விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

* காலையில் வெதுவெதுப்பான நீர், பிறகு சிறு நடை, அவசரமில்லாமல் பத்து நிமிடங்கள் கழிப்பறையில். வேலைக்குப் போகிற அவசரத்தில் அடக்கி வைப்பதுதான் மூலத்துக்கு முதல் படி.

* அப்படியும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. வேறு வகை இரும்பு மருந்துக்கும் மாற்றித் தருவார். பாட்டி சொன்னார் என்று விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். அது கர்ப்பப்பைச் சுருக்கத்தைத் தூண்டிவிடக் கூடும்.

குடல் பாக்டீரியா இடம் மாறினால்?

குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை, சிறுநீர்ப்பாதைக்குள் நுழைந்தால் தொற்றாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே இந்தத் தொற்று இருக்கலாம். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறும், குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். செக்கப்பில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

தொற்று இருக்கிறது என்று மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், `நல்ல பாக்டீரியா செத்துப்போயிடுமே' என்று பாதியில் நிறுத்தாதீர்கள். கொஞ்சம் அழியும் என்பது உண்மை. ஆனால், பெரும்பாலும் குடல் மெல்ல மீண்டுவிடும். தொற்று முற்றினால் இழப்பு பெரிது. அதேசமயம், சளிக்கும் தும்மலுக்கும் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்குவது தேவையற்ற அழிவு.

காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, இறைச்சி, தெருவோரம் வெட்டி வைத்த பழம் ஆகியவற்றுக்கு இந்த ஒன்பது மாதமும் விடுமுறை கொடுங்கள். அவற்றிலிருந்து வரும் சில கிருமிகள் உங்களுக்கு லேசான காய்ச்சலாக முடிந்தாலும் குழந்தையைப் பாதிக்கும்.

`கேஸ்தான்' என்று விட்டுவிடக் கூடாதவை

நம் வீடுகளில் வயிற்றில் எது வலித்தாலும் `வாயுப் பிடிப்பு, ஓமத்தண்ணி குடி' என்பார்கள். கீழே இருப்பவற்றுக்கு ஓமத்தண்ணீர் போதாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழேயோ கடும் வலி. கூடவே தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம். இது ப்ரீ-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம்.

* உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பில்லாத அரிப்பு, குறிப்பாக இரவில். கல்லீரல் பிரச்னையின் அறிகுறியாக இருக்கக் கூடும்.

* தண்ணீர்கூட நிற்காத வாந்தி, ரத்தம் கலந்த மலம், காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு.

* விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது.

சிசேரியன் என்றால் குழந்தைக்கு நஷ்டமா?

சுகப்பிரசவத்தில் குழந்தை வெளியே வரும்போது தாயின் பாக்டீரியாக்களைப் பெற்றுக்கொள்கிறது. சிசேரியனில் அந்த வழி இல்லை. இதைப் படித்துவிட்டு, `என் குழந்தைக்கு நல்ல பாக்டீரியாவே கொடுக்காம விட்டுட்டேனே' என்று அழும் அம்மாக்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. அத்தனை பேரும் குற்றவுணர்வு சுமக்க வேண்டுமா?

வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 600 குழந்தைகளைக் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், சிசேரியன் குழந்தைகளின் குடலில் ஆரம்பத்தில் வித்தியாசம் இருந்தது உண்மை. ஆனால், ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் அது பெருமளவு குறைந்துவிட்டது. தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைத் துணியில் எடுத்துச் சிசேரியன் குழந்தைமீது தடவும் முறையை எங்காவது படித்தால் முயற்சி செய்யாதீர்கள். கிருமித் தொற்று அபாயம் இருப்பதால், ஆய்வுக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம் என்பதே மகப்பேறு மருத்துவர்களின் அமெரிக்கக் கூட்டமைப்பின் அறிவுரை.

எந்தப் பிரசவமானாலும் உங்கள் கையில் இருக்கும் பெரிய பரிசு, தாய்ப்பால். அதில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒரு விசேஷச் சர்க்கரை வகை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இருக்கும் அதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிறகு எதற்கு அது பாலில்? குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோ பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அது. குழந்தைக்கு ஒரு பங்கு, குழந்தையின் பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு என்று பால் சுரக்கிறது உடல். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சிசேரியன் என்றாலும் நர்ஸின் உதவியோடு இது முடியும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். உடல்நிலை காரணமாக முடியாமல் போனால், மருத்துவர் சொல்லும் மாற்றுப்பால் கொடுங்கள். அதற்கும் குற்றவுணர்வு வேண்டாம்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு `சேனை' வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் இன்றும் பல ஊர்களில் உண்டு. தேனில் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் இருக்கும் கூட்டம் அதை முளைக்க விடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் கூட்டமே இன்னும் உருவாகவில்லை. அங்கே முளைத்து, உடல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை வெளியிடலாம். அதனால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. `தாத்தா குணம் வரணும்னு ஆசையா செய்றாங்க, எப்படி மறுக்குறது?' என்று தயங்கினால், சேனைக்குப் பதில் தாத்தாவே குழந்தையை முதலில் மடியில் வாங்கிக்கொள்ளட்டும். ஆசையும் நிறைவேறும், குழந்தையும் பத்திரமாக இருக்கும்.

கடைசியாகக் கணவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்டல் ஊறவைப்பது, கீரை ஆய்வது, மாத்திரையை நினைவுபடுத்துவது, பால் காய்ச்சி உறை ஊற்றுவது இதெல்லாம் கர்ப்பிணிதான் செய்ய வேண்டும் என்று எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்கவில்லை. இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை நீங்கள் ஊறப்போடுங்கள்.